கைவிட்டதைத் தோற்றது என்று சொல்லாதீர்கள்

‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே மருத்துவம் அறிந்தவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு தட்டும். அந்தச் சலிப்பைக் குறை சொல்ல முடியாது. மாதுளைச் சாறு முதல் முகத்தில் பூசும் க்ரீம் வரை எல்லாவற்றின் மேலும் அந்தச் சொல்லை ஒட்டி விற்றாகிவிட்டது. கொரோனா காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்று கூவி விற்ற டப்பாக்கள் பலவும் அதன் பெயரைச் சொல்லித்தான் காசு பார்த்தன. இந்தச் சூழலில், மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் நோய்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளை மூச்சு வழியாகக் கொடுத்து விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள், அந்தச் சோதனைகளைத் தொடர வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன.

ஒன்று: ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது பெரிய பெரிய மருத்துவச் சோதனைகளில் மண்ணைக் கவ்விய சங்கதி. இரண்டு: கிருமியைக் கொல்ல உடல் உண்டாக்கும் ஆயுதமே அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகள்தான், நோயின் நடுவில் அதைப் பிடுங்குவது தற்கொலை. மூன்று: சுண்டெலியைக் காப்பாற்றிய மருந்துகளுக்குக் கணக்கே இல்லை, மனிதரிடம் வந்தால் எல்லாம் பல்லிளிக்கும்.

மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால் தீர்ப்பாகவே ஆகிவிட்டன. ஆனால் சோதனைகளில் என்ன நடந்தது என்று பார்த்தால், மூன்றுமே குறி தவறுகின்றன. இந்த நொதிகள் தோற்கவில்லை. பாதி வழியில் விடப்பட்டன. தோல்விக்கும் கைவிடலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவியல் மறந்தால், அது வெறும் அபிப்பிராயமாகிவிடும்.

நடந்ததிலிருந்து தொடங்குவோம். 1989இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மயேதாவின் குழு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டது. இன்ஃப்ளூயன்சா தொற்றிய சுண்டெலிகளின் நுரையீரலில் சூப்பர்ஆக்ஸைடு என்ற மூலக்கூறு பெருகுவதை அவர்கள் கண்டார்கள். ஆக்ஸிஜன் மூலக்கூறு ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகச் சுமந்தால் அதுதான் சூப்பர்ஆக்ஸைடு; கையில் பட்டதைக் கெடுக்கும் குணம் கொண்டது. அதை அடக்கும் நொதி சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்ஓடி. அந்த நொதியை ஒரு பாலிமரோடு இணைத்து எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். எப்போது என்பதுதான் முக்கியம். தொற்று ஏற்பட்ட ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை. அதாவது வைரஸின் பெருக்கம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகு, எலி மெலிந்து, மூச்சிரைத்து, சாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது. பாலிமரோடு இணைந்த நொதியைப் பெற்ற எலிகள் கூடுதலாகப் பிழைத்தன. பாலிமர் இல்லாத வெறும் எஸ்ஓடி அந்தப் பலனைத் தரவில்லை.

இந்த ஒற்றைச் சோதனையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, எலியைக் கொன்றது வைரஸ் மட்டும் அல்ல. வைரஸுக்கு எதிராக நுரையீரல் போட்ட ஆட்டமும் சேர்ந்துதான். இரண்டாவது, வெறும் எஸ்ஓடி ரத்தத்தில் சில நிமிடங்களில் கரைந்து போகிறது, சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளிவிடுகிறது. நொதி பலன் தரவில்லை என்று சொல்வதற்கு முன், நொதி அங்கே இருந்ததா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமலே பிற்காலத்தில் பலர் தீர்ப்பு எழுதினார்கள்.

ரத்தத்தில் நிற்காதென்றால் நேரே நுரையீரலுக்கே அனுப்பினால் என்ன? 1996இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் அதைத்தான் செய்தன. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிட்வெல்லின் குழு மாங்கனீஸ் வகை எஸ்ஓடியை ஊசி வழியாகவும், நுண்துளி மூட்டமாகவும் இன்ஃப்ளூயன்சா எலிகளுக்குக் கொடுத்தது. மூட்டத்தை எலி சுவாசித்தது, வைரஸ் உள்ளே போய்ச் சில நாட்கள் கழிந்த பிறகே. இந்தக் குழு பலனை அளந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 2021 கோடையில் விரலில் மாட்டி எண்ணைப் பார்த்துப் பதறினோமே, அதே பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் உணரியை எலியின் தொடையில் வைத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று நாள்தோறும் பார்த்தார்கள். எலி செத்ததா பிழைத்ததா என்பதோடு நிறுத்தாமல், அதன் மூச்சு எந்த நாளில் எவ்வளவு இறங்கியது என்பதையும் குறித்துக்கொண்டார்கள். எஸ்ஓடி பெற்ற எலிகளில் அந்த இறக்கம் மட்டுப்பட்டது. அதே ஆண்டு ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பிலிப் வைடின் குழு, பருத்தி எலி என்ற வேறொரு விலங்கில், ஆர்எஸ்வி என்ற வேறொரு வைரஸுக்கு எதிராக, எஸ்ஓடியை மூட்டமாகக் கொடுத்துப் பார்த்தது. அங்கேயும் தொற்று அடங்கியது.

இரண்டு வைரஸ், இரண்டு விலங்கு, இரண்டு ஊர், ஒரே திசையில் முடிவு. இதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? அளவை மாற்றி, நேரத்தை மாற்றி, பெரிய விலங்குக்குப் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1999இல் இன்ஃப்ளூயன்சாவுக்கான சனமிவிர், ஓசெல்டமிவிர் என்ற இரு வைரஸ் எதிர்ப்பு மருந்துகளும் அமெரிக்காவில் அடுத்தடுத்து அனுமதி பெற்றன. வைரஸையே அடிக்க வழி கிடைத்தபோது, நுரையீரலின் சேதத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? கவனமும் பணமும் அந்தப் பக்கம் சாய்ந்தன என்பது என் கணிப்பு. ஆனால் ஓசெல்டமிவிரை நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சுத்திணறி ஐந்தாம் நாள் மருத்துவமனைக்கு வருபவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி அப்படியேதான் நின்றது. 1989இன் எலிகள் பதில் சொல்ல முயன்றது அந்தக் கேள்விக்குத்தான்.

இனி முதல் குற்றச்சாட்டு. ஆன்டிஆக்ஸிடன்ட்கள் பெரிய சோதனைகளில் தோற்றன என்பது உண்மை. அதை மழுப்ப வேண்டியதில்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அங்கே கூடுதல் 28 சதவீதம். சிறிய விஷயமா இது? ஆன்டிஆக்ஸிடன்ட் வியாபாரத்துக்கு அன்றே பாடை கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனைகள் எந்தக் கேள்வியைக் கேட்டன? நல்ல நிலையில் இருக்கும் மனிதர் ஆண்டுக்கணக்கில் ஒரு நிறமியை விழுங்கினால் புற்றுநோய் வராமல் இருக்குமா என்று கேட்டன. வராமல் இருக்காது, வரவும் கூடும் என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, வைரஸ் தாக்கி வீங்கிக் கிடக்கும் நுரையீரலுக்குள் சில நாட்கள் மட்டும் ஒரு நொதியைச் செலுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எப்படித் தீர்ப்பு எழுதுவது? பொருள் வேறு, இடம் வேறு, காலம் வேறு, நோய் வேறு. பொதுவாக இருப்பது டப்பாவின் மேல் ஒட்டிய ஒரு சொல் மட்டுமே.

பொருள் வேறு என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். வைட்டமின் சி மூலக்கூறு ஒன்று தன் எலெக்ட்ரானைக் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது. அதைத் திரும்பச் சரிசெய்ய உடல் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். நொதி அப்படிச் செலவாவதில்லை. வைட்டமின் ஒருமுறை துடைத்து எறியும் தாள் என்றால், நொதி நாள் முழுக்கப் பெருக்கும் துடைப்பம். கேட்டலேஸ் என்ற நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்குப் பல லட்சம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மூலக்கூறுகளை உடைத்துத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் மாற்றிவிடும். இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. முழங்கால் சிராய்ப்பில் கம்பவுண்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றியதும் வெள்ளையாகப் பொங்கி வருமே, அந்த நுரையை எழுப்புவது நம் ரத்தத்திலும் சதையிலும் இருக்கும் கேட்டலேஸ்தான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தபடி, எஸ்ஓடி சூப்பர்ஆக்ஸைடை ஒழித்துக்கட்டுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடை அப்புறப்படுத்தக் கேட்டலேஸ் போன்ற இன்னொரு நொதி வேண்டும். முதல் நொதியை அள்ளிக் கொட்டிவிட்டு இரண்டாவதை மறந்தால் ஒரு நஞ்சை எடுத்து இன்னொரு நஞ்சைக் குவித்ததாகும். எஸ்ஓடிக்கு ‘கூடக் கூட நல்லது’ என்ற கணக்கு பொருந்தாது. தனியே எடுத்த முயல் இதயத்தில் ரத்த ஓட்டத்தை நிறுத்தித் திரும்பத் திறந்து பார்த்தபோது, குறிப்பிட்ட அளவு எஸ்ஓடி இதயத்தைக் காத்தது. அளவு ஏறியதும் அந்தப் பாதுகாப்பு மறைந்துபோனது என்று 1990இல் மெக்கார்டே எழுதினார். ஆகவே ஒரு சோதனையில் எஸ்ஓடி பலன் தரவில்லை என்றால் அளவு குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம், துணை நொதி இல்லாமலும் இருக்கலாம். இவை மூன்றையும் பிரித்துப் பார்க்காத எதிர்மறை முடிவு முடிவே அல்ல.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. கிருமியை விழுங்கிய வெள்ளணு அதன்மேல் சூப்பர்ஆக்ஸைடைப் பாய்ச்சிக் கொல்கிறது என்று பாடப்புத்தகமே சொல்கிறது. அதை அடக்கும் மருந்தைத் தொற்றின் நடுவில் கொடுப்பது எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவது ஆகாதா?

இதற்கு இயற்கையே ஒரு பதிலை வைத்திருக்கிறது. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று ஒரு பரம்பரைக் குறைபாடு உண்டு. இந்தக் குழந்தைகளின் வெள்ளணுக்களால் சூப்பர்ஆக்ஸைடை உண்டாக்க முடியாது. இவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குபவை எவை? ஸ்டெஃபைலோகாக்கஸ், செராஷியா, நோகார்டியா போன்ற பாக்டீரியாக்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. வைரஸ் நோய்கள் இவர்களை அப்படிப் போட்டு வாட்டுவதில்லை. பிறவியிலேயே அந்த ஆயுதம் இல்லாதவர்கள் வைரஸை ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே சமாளிக்கிறார்கள் என்றால், அது வைரஸுக்கு எதிரான முக்கிய ஆயுதம் இல்லை என்றுதான் பொருள். எலிகளும் இதையே சொல்கின்றன. இதே குறைபாட்டைச் செயற்கையாக உண்டாக்கிய எலிகளுக்கு இன்ஃப்ளூயன்சாவைத் தொற்றவைத்த லண்டன் ஆய்வாளர்கள் 2006இல் கண்டது, வைரஸ் கூடியதை அல்ல, குறைந்ததை. நுரையீரலும் மற்ற எலிகளைவிட நன்றாக வேலை செய்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் அன்டோனெல்லா கசோலாவும் ராபர்டோ கரோஃபாலோவும் பல ஆண்டுகளாக ஆர்எஸ்வியை ஆராய்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளியும் இழுப்பும் தந்து மருத்துவமனையில் கிடத்தும் வைரஸ் இது. 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வைரஸ் தொற்றியதும் எலியின் நுரையீரலில் எஸ்ஓடி, கேட்டலேஸ் உள்ளிட்ட காப்பு நொதிகள் சரிகின்றன. கடுமையான ஆர்எஸ்வி நோயோடு வந்த குழந்தைகளின் மூச்சுக்குழாய்ச் சுரப்பிலும் அதே சரிவு. அதாவது உடல் வேண்டுமென்றே ஆயுதத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறது, நாம் போய்ப் பிடுங்குகிறோம் என்பது நடப்பை மாற்றிச் சொல்வது. கேடயத்தைக் கீழே தள்ளியது வைரஸ். குறைந்ததை ஈடுகட்டலாமா என்பதுதான் கேள்வி. தைராய்டு குறைந்தவருக்குத் தைராக்ஸின் கொடுப்பதை யாரும் ‘உடலில் தலையிடுவது’ என்று வைவதில்லை.

இந்தக் குற்றச்சாட்டில் ஓர் உண்மைத் துளி இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழாயின் மேற்புறத்தில் உள்ள செல்கள் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்ஸைடை வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. சளியில் இருக்கும் லாக்டோபெராக்ஸிடேஸ் என்ற நொதி அதைப் பயன்படுத்திக் கிருமியைக் கெடுக்கும் ஒரு பொருளைச் செய்கிறது. கேட்டலேஸை மூட்டமாகக் கொட்டினால் இந்தச் சிறு ஏற்பாடு குலையலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஃப்ளூவின் வால் பிடித்து வரும் பாக்டீரியா நிமோனியா. 1918இன் ஃப்ளூ பெருந்தொற்றில் மடிந்தவர்களில் பெரும்பாலோரை முடித்துவைத்தது அதுதான் என்று திசு மாதிரிகளைத் திரும்ப ஆராய்ந்தவர்கள் 2008இல் எழுதினார்கள். பாக்டீரியாவைக் கொல்ல சூப்பர்ஆக்ஸைடு வேண்டும். மேலே சொன்ன கிரானுலோமா நோய்க் குழந்தைகளே அதற்குச் சாட்சி.

ஆனால் இந்த ஆபத்து எதற்கான வாதம்? நேரே மனிதருக்குக் கொடுக்காதே என்பதற்கான வாதம். விலங்கில் சோதிக்காதே என்பதற்கு அல்ல. இன்ஃப்ளூயன்சா தொற்றிய எலிக்கு நொதியைக் கொடுத்து, அதன் பிறகு நிமோகாக்கஸையோ ஸ்டெஃபைலோகாக்கஸையோ செலுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். பயப்படுகிறேன், ஆகவே சோதிக்க வேண்டாம் என்பது வைத்தியரின் எச்சரிக்கை ஆகாது. அது சோம்பல்.

மூன்றாவது குற்றச்சாட்டு எலியைப் பற்றியது. இதிலும் பாதி உண்மை உண்டு. ஆய்வுக்கூடச் சுண்டெலிகளில் பெரும்பாலான இனங்களுக்கு இன்ஃப்ளூயன்சாவைத் தடுக்கும் எம்எக்ஸ்1 என்ற மரபணு வேலை செய்யாது. அவற்றைத் தாக்கும் வைரஸும் எலிக்கென்றே பழக்கப்படுத்தப்பட்டது. எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். மூட்டத்தில் பெரும்பங்கு மூக்கிலேயே தங்கிவிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கும் இருபது கிராம் எலிக்கும் நுரையீரல் ஒரே கணக்கில் வராது. எல்லாம் சரி. ஆனால் விலங்கில் வென்றது மனிதரில் வெல்லவே வெல்லாது என்ற பொது விதி, இதே மூச்சுத்தொற்று வரலாற்றிலேயே பொய்த்திருக்கிறது.

ஆர்எஸ்விக்கு எதிரான பாலிவிசுமாப் என்ற எதிர்ப்புப் புரதம் மனிதக் குழந்தைகளிடம் போனது பருத்தி எலிகளில் கிடைத்த முடிவுகளின் பலத்தில்தான். எவ்வளவு கொடுப்பது என்ற கணக்குக்கும் அந்த எலியே அடிப்படை. 1,502 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் மருத்துவமனைச் சேர்க்கை 10.6 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. 1998இல் அனுமதி கிடைத்தது. அதே பருத்தி எலி ஒரு பெரும் துயரத்துக்கும் விளக்கம் தந்தது. 1960களில் அமெரிக்காவில் ஃபார்மலினால் செயலிழக்கவைத்த ஆர்எஸ்வி தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி பெற்று, பிறகு வைரஸ் தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. வைரஸைவிட, தவறாகப் பழக்கப்பட்ட எதிர்ப்பே நுரையீரலைச் சிதைத்தது என்பதைப் பின்னாளில் பருத்தி எலியில் அதே நிலையை உண்டாக்கித்தான் உறுதிசெய்தார்கள். நுரையீரலை அழிப்பதில் உடலின் பதிலுக்கும் பங்குண்டு என்ற பாடத்தை எலி நமக்குச் சரியாகவே சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பாடத்தை மனித உடலிலும் பார்த்தாகிவிட்டது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ‘ரிகவரி’ சோதனை டெக்ஸாமெத்தசோனின் முடிவை அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களில் 29.3 சதவீதம். இந்த மருந்து வைரஸைத் தொடக்கூட இல்லை. அது அடக்கியது உடலின் கொந்தளிப்பை. அதே மருந்தை ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிக்குக் கொடுத்தபோது பலன் இல்லை, கெடுதிக்கான சாயலே தெரிந்தது. எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. இதைத்தானே குமமோட்டோவின் எலிகள் 31 ஆண்டுகளுக்கு முன் சொல்லின?

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏஎல்எக்ஸ்-0171 என்று ஒரு நானோபாடி. ஆர்எஸ்வியை நேரடியாகப் பிடித்து முடக்கும் மருந்து, நெபுலைசரில் கொடுப்பது. மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் குறைந்தது. குழந்தையின் நோய் குறையவில்லை. வைரஸை வீழ்த்தினால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த முடிவை எப்படி விளக்குவார்கள்? குழந்தை மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் போர்க்களம் மாறிவிட்டது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

நொதி என்பது புரதம், அதை மூட்டமாக்கினால் சிதைந்துவிடும், நுரையீரலுக்குப் போகவே போகாது என்று ஒரு துணை வாதமும் உண்டு. இதற்கு விடை மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் சளியை இளக்க டார்னேஸ் ஆல்ஃபா என்ற நொதியை நெபுலைசரில் சுவாசிக்கிறார்கள், 2.5 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. 1993 டிசம்பர் இறுதியில் அனுமதி பெற்று இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. எல்லா நொதியும் இவ்வளவு எளிதாக அடங்காது என்பது சரிதான். கேட்டலேஸ் நான்கு துண்டுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. தெளிக்கும் வேகத்திலும் நுரையிலும் பிரிந்துபோகலாம். ஆனால் அதைப் பாதுகாக்கும் வித்தையும் பழையதுதான். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் புரதத்தில் கோர்த்து ஆயுளை நீட்டும் முறையை 1977இல் முதன்முதலில் செய்துகாட்டியவர்கள் எடுத்துக்கொண்ட புரதங்களில் ஒன்று மாட்டு ஈரலின் கேட்டலேஸ்.

மனித நுரையீரலுக்குள் எஸ்ஓடி போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 600 முதல் 1,200 கிராம் எடையில் பிறந்த 302 குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்க்குள் எஸ்ஓடியையோ போலி மருந்தையோ செலுத்திய சோதனையின் முடிவு 2003இல் வந்தது. முதலில் குறித்துவைத்த இலக்கில் வேறுபாடு இல்லை. ‘பார்த்தாயா, தோற்றது’ என்று கோப்பு மூடப்பட்டது. ஆனால் ஒரு வயதில் திரும்பப் பார்த்தபோது, ஆஸ்துமா மருந்து தேவைப்படும் அளவுக்கு இழுப்பும் மூச்சு நோயும் வந்தவர்கள் போலி மருந்துக் குழுவில் 37 சதவீதம்; எஸ்ஓடி குழுவில் 24. இரண்டாம் நிலை முடிவை வைத்துக்கொண்டு வெற்றி முழக்கம் போடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பச்சிளம் நுரையீரல் அந்த நொதியைத் தாங்கியது என்பதும், ஒரு கேள்வி திறந்தே கிடக்கிறது என்பதும் பதிவாகியிருக்கின்றன.

என் பக்கத்தில் நிற்பவர்களையும் விட்டுவைக்கக் கூடாது. 2020இல் கால்வெஸ்டன் குழு, பாலிஎத்திலீன் கிளைக்கால் கோர்த்த கேட்டலேஸை எலிகளின் மூக்கு வழியாகக் கொடுத்து ஆர்எஸ்வி நோய் தணிந்ததைக் காட்டியது. எடை இழப்பு குறைந்தது, மூச்சடைப்பு குறைந்தது. அழகான சோதனை. ஆனால் நொதியைத் தொற்றுக்கு முன்பே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் குழந்தையும் நாளை எனக்கு ஆர்எஸ்வி வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து யுன்ஃபெங் லூவின் குழு, நானோ உறைக்குள் அடைத்த கேட்டலேஸ் ரீசஸ் குரங்குகளில் கொரோனா வைரஸின் பெருக்கத்தை அடக்கியது என்று எழுதியது. குரங்குகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. இத்தகைய முடிவைத் தலைப்புச் செய்தியாக்கி ஆர்ப்பரிப்பவர்கள்தான், பழிப்பவர்களுக்கு வாயில் சொல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இன்னும் மோசமான கூட்டமும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் சிலர் கொரோனாவுக்கு மருந்தென்று ஹைட்ரஜன் பெராக்ஸைடையே நெபுலைசரில் ஊற்றிச் சுவாசித்தார்கள்; ஆஸ்துமா, ஒவ்வாமை நோயாளிகளுக்கான அங்குள்ள அறக்கட்டளை அதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. வீங்கிய நுரையீரல் எந்தப் பொருளில் வெந்துகொண்டிருக்கிறதோ அதையே மேலும் ஊற்றிய கொடுமை இது. நான் கேட்பது சோதனையை. வீட்டு நெபுலைசரில் எதையும் ஊற்றிக்கொள்ளும் அனுமதியை அல்ல.

சோதனை என்றால் எது? முதல் மருந்தளவு, விலங்குக்கு நோய் கண்ணுக்குத் தெரிந்த பிறகே விழ வேண்டும். அதற்கு முன் கொடுத்த எதுவும் கணக்கில் வரக் கூடாது. எஸ்ஓடி தனியாக, கேட்டலேஸ் தனியாக, இரண்டும் சேர்ந்து, செயலிழக்கவைத்த நொதி என்று குழுக்கள் பிரிய வேண்டும். கடைசிக் குழு இல்லாவிட்டால் பலன் நொதியாலா, கூடவே போன பாலிமராலா என்று தெரியாது. அளவை ஒரே புள்ளியில் நிறுத்தாமல் ஏறுவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் நொதி உயிரோடு இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இல்லாத நொதியைத் தோற்றது என்று எழுதக் கூடாது. ஓசெல்டமிவிரோடு சேர்த்துக் கொடுக்கும் குழுவும் வேண்டும்; சிட்வெல்லின் குழு எஸ்ஓடியை ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துப் பார்த்து வழி காட்டியே இருக்கிறது. பின்னால் வரும் பாக்டீரியாவுக்கென்று ஒரு குழு கட்டாயம். சுண்டெலியோடு நிற்காமல் பருத்தி எலிக்கோ, மனித ஃப்ளூவை அப்படியே வாங்கும் ஃபெர்ரெட்டுக்கோ போக வேண்டும். எந்த விலங்குக்கு எது கொடுக்கப்பட்டது என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. எந்த முடிவு வெற்றி என்பதை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும்; தோற்றாலும் அச்சேற்ற வேண்டும்.

இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பைக் கேட்கவில்லை. நொதி இருக்கிறது, பாலிமர் இருக்கிறது, நெபுலைசர் இருக்கிறது, விலங்கு இருக்கிறது. இல்லாதது, முடிவு தெரியும் முன்பே முடிவைச் சொல்லிவிடும் பழக்கத்தை விடும் துணிவு.

இத்தனை நிபந்தனைகளோடும் நடந்த சோதனையில், தாமதமாகக் கொடுத்த நொதி இரண்டாவது விலங்கில் உயிரையும் மூச்சையும் காக்கவில்லை என்றாலோ, பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிட்டது என்றாலோ, இந்தக் கட்டுரையின் வாதம் முடிந்தது. நானே அதைக் குழிதோண்டிப் புதைப்பேன். அப்படி ஒரு சோதனையைக் காட்டும்வரை, பீட்டா கரோட்டின் மாத்திரையையும் பாடப்புத்தகத்தின் ஒரு வரியையும் எலியைப் பற்றிய ஒரு கிண்டலையும் வைத்துக்கொண்டு இதைத் தோல்வி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.